நந்திக்கொடியும் மன்னார்க் கரையும்: ஓர் எதிர்ப்புச் சின்னத்தின் வரலாற்று முரண்

கொடிகளைப் பற்றிய நமது எழுத்துகள் பெரும்பாலும் வீரவழிபாட்டோடு நின்றுவிடுகின்றன. ஒரு கொடி எவ்வர்க்கத்தின் கையில், எவருக்கு எதிராக உயர்ந்தது என்னும் வினா அங்கு எழுவதில்லை. அந்நியரை எதிர்த்த போர்க்கொடி எனப் போற்றப்படும் யாழ்ப்பாண இராச்சியத்தின் நந்திக்கொடியை மன்னார்க் கரையில் நின்று நோக்குவோமாயின், அவ்வினா தவிர்க்கவியலாததாகின்றது.

அக்கொடியை நாம் இன்று அறிவது மரபுச் செய்திகள் வாயிலாகவும், ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது நாணயங்கள் வாயிலாகவுமே. அந்நாணயங்களில் அமர்ந்த நந்தியும், மேலே பிறையும், கீழே 'சேது' என்னும் எழுத்தும் காணப்படுகின்றன. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட திட்டுகளே சேது. 'சேதுகாவலர்' என்பது அம்மன்னர்களின் விருதுப்பெயர். கொடியில் நின்ற அதே நந்தி நாணயத்திலும் நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இறைபக்தியின் குறியீடாக இருந்த அது, முத்துச் சலாபத்தின் மீதும் கடல் வணிகத்தின் மீதும் அரசு கொண்டிருந்த உரிமையின் முத்திரையாகவும் இருந்தது.

இப்பின்னணியிலேயே 1544ஆம் ஆண்டு நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பிரான்சிசு சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார்க் கரையோர மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். 1519 முதல் ஆண்ட முதலாம் சங்கிலி படையுடன் வந்து அவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் 600 பேரளவினர் என்பது மரபு. சமய வெறி என்னும் ஒற்றைக் காரணம் இதனை விளக்கப் போதாது. மதமாற்றத்தோடு மக்களின் விசுவாசமும், அவர்களது உழைப்பால் விளைந்த முத்தும் போர்த்துக்கேயரின் பக்கம் சென்றுவிடும் என்ற அச்சம் அங்கே தொழிற்பட்டது. போர்த்துக்கேயரின் சமயப் பணியும் அவர்தம் வணிக நலனிலிருந்து பிரிந்து நிற்கவில்லை.

ஆயினும் அதே சங்கிலியின் நாட்டில், 1560இல் கொன்ஸ்தாந்தீனு த பிரகான்சா நல்லூரைக் கைப்பற்றியபோது, மக்கள் கிளர்ந்தெழுந்து அப்படையைப் பின்வாங்கச் செய்தனர். பின்வாங்கியோர் மன்னாரைப் பற்றிக்கொண்டு கோட்டை அமைத்தனர். அக்கோட்டையைத் தளமாகக் கொண்டே 1591இல் படையெடுத்து, எதிர்மன்னசிங்கனைத் தமக்கு அடங்கிய அரசனாக்கினர். அரியணை எஞ்சியது, சுயாதீனம் எஞ்சவில்லை. 1619இல் இரண்டாம் சங்கிலி சிறைப்பட்டதோடு அரியணையும் அழிந்தது.

மன்னார்க் கோட்டையில் 1658இல் ஒல்லாந்தரின் கொடியும் 1795இல் பிரித்தானியரின் கொடியும் ஏறின. கொடிகள் மாறின, மூச்சடக்கிக் கடலுள் இறங்கியோருக்கும் சலாபத்தின் வருவாயை அள்ளியோருக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

அரசு அழிந்த பின்னரே நந்தி முழுமையான எதிர்ப்புச் சின்னமாயிற்று எனலாம். வரி தண்டும் அதிகாரம் நீங்கியபின் வீழ்ச்சியின் நினைவு மட்டுமே அதில் தங்கியது. இன்று அது சைவரின் கொடியாகவும் பறக்கின்றது. 2019 மார்ச்சில், சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீச்சரப் பாதையில் எழுப்பப்பட்ட வளைவு வீழ்த்தப்பட்டமை, மன்னாரின் சைவரும் கத்தோலிக்கரும் சின்னங்களின் பெயரால் எவ்வளவு எளிதில் எதிரெதிராக நிறுத்தப்படலாம் என்பதைக் காட்டியது.

1544இன் பிணங்களை மறைத்து இக்கொடியைப் போற்றுவதும், 1560இன் மக்கள் எழுச்சியை மறந்து அதனைப் பழிப்பதும் வரலாறாகா. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் நினைவிலிருந்தே, மன்னார்க் கரையின் உழைக்கும் மக்கள் எச்சமயத்தவராயினும் தமதெனக் கொள்ளத்தக்க ஒரு கொடி உருவாக முடியும்.