மறைமலை அடிகளின் ஆங்கிலப் புலமை

மறைமலை அடிகள் (சூலை 15, 1876 - செப்டம்பர் 15, 1950) தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த தமிழறிஞர் ஆவார். பள்ளிப் படிப்பை நான்காம் படிவத்துடன் நிறுத்த நேர்ந்த இவர், பின்னர்த் தம் சொந்த முயற்சியால் ஆங்கில நூல்களைக் கற்று, அம்மொழியில் இதழ் நடத்தவும் நூல் எழுதவும் வல்லவரானார். இவர் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். தமிழில் பிறமொழிச் சொற்கள் கலப்பதை எதிர்த்த இவரே தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வந்தார். இக்கட்டுரை இவருடைய ஆங்கிலக் கல்வி, ஆங்கில எழுத்துகள், அவை இவரது தமிழ்ப் பணிக்குப் பயன்பட்ட விதம் ஆகியவற்றை விளக்குகிறது.

பள்ளிப் படிப்பு

மறைமலை அடிகளின் இயற்பெயர் வேதாசலம். நாகப்பட்டினம் அருகே காடம்பாடியில் சொக்கநாத பிள்ளை, சின்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். நாகப்பட்டினத்தில் இருந்த வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்றார். கிறித்தவச் சமயப் பரப்புநர்கள் நடத்திய அத்தகைய பள்ளிகளில் ஆங்கிலம் முதன்மையான பாடமாக இருந்தது. இவரது ஆங்கில அறிவுக்கு அடிப்படை அங்கேயே அமைந்தது. தந்தையார் இறந்த பின் குடும்பம் வறுமையுற்றது. அதனால் நான்காம் படிவத்துக்கு மேல் இவரால் பள்ளியில் தொடர இயலவில்லை.

அதே ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த தமிழ்ப் புலவர் நாராயணசாமி பிள்ளையிடம் தமிழ் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். சைவ சித்தாந்தத்தைச் சோமசுந்தர நாயகரிடம் பயின்றார். தமிழுக்கும் சைவத்துக்கும் ஆசிரியர்கள் வாய்த்தது போல் ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை. பள்ளியை விட்ட பின் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் நூல்களைக் கொண்டே வளர்த்துக்கொண்டார்.

சென்னை வாழ்க்கை

1897ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமி பிள்ளை சென்னையில் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' இதழ் ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் வெளிவந்தது. அதன் தமிழ்ப் பதிப்பில் வேதாசலம் பணியாற்றினார். 1898ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பரிதிமாற் கலைஞர் என அறியப்படும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அப்போது அங்கே தமிழ்த் துறையில் இருந்தார்.

அக்காலக் கல்லூரிகளில் பாடங்கள் ஆங்கில வழியிலேயே நடத்தப்பட்டன. தமிழ்ப் பண்டிதர்களுக்குப் பிற பேராசிரியர்களைவிட ஊதியமும் மதிப்பும் குறைவு. பட்டமில்லாத தமிழாசிரியர் ஒருவர் அச்சூழலில் தம் கருத்தைப் பிறர் கேட்கச் செய்வதற்கு ஆங்கில அறிவு இன்றியமையாததாக இருந்தது.

கல்லூரிப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமற் போன சூழலில் 1911ஆம் ஆண்டில் இவர் அப்பணியை விட்டார். பின்னர்ப் பல்லாவரத்தில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

ஆங்கில எழுத்துகள்

- நாட்குறிப்பு: 1898ஆம் ஆண்டு முதல் 1950ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 52 ஆண்டுகள், நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார். இவரது மகன் மறை. திருநாவுக்கரசு தந்தையாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் ஆவார்.
- இதழ்கள்: 1908ஆம் ஆண்டில் 'ஓரியண்டல் மிசுடிக் மைனா' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1935ஆம் ஆண்டில் 'ஓசன் ஆஃப் விசுடம்' என்னும் ஆங்கில இதழை வெளியிட்டார். 1902ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய 'ஞானசாகரம்' என்னும் தமிழிதழ் பின்னர் 'அறிவுக்கடல்' எனப் பெயர் மாற்றப்பட்டது.
- நூல்கள்: தமிழரின் திருமண முறை, பண்டைய, தற்காலத் தமிழ்ப் புலவர்கள் ஆகியன பற்றி 1930களில் ஆங்கிலத்தில் சிறு நூல்கள் எழுதினார்.
- முன்னுரைகள்: தம் தமிழ் நூல்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை எழுதிச் சேர்த்தார். தமிழ் அறியாத ஆய்வாளர்களும், ஆங்கிலம் மட்டுமே படித்து வந்த தமிழரும் நூலின் கருத்தை அறிய இவை உதவின.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

ஆங்கிலக் கட்டுரையாளர் சோசப் அடிசனின் கட்டுரைகளைத் தழுவிச் 'சிந்தனைக் கட்டுரைகள்' என்னும் நூலை எழுதினார். 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911) என்னும் இவரது புதினம், ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்சு எழுதிய ஆங்கிலப் புதினம் ஒன்றின் தழுவல் ஆகும். 'கோகிலாம்பாள் கடிதங்கள்' கடித வடிவில் அமைந்த புதினம். இவ்வடிவம் ஆங்கில இலக்கியத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றிருந்தது.

உளவியல், உடல்நலம் முதலிய துறைகளில் ஆங்கிலம் வழி அறிந்தவற்றையும் தமிழில் தந்தார். 'யோக நித்திரை அல்லது அறிதுயில்', 'தொலைவிலுணர்தல்', 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' ஆகியன அவ்வகை நூல்கள். அறிதுயில், தொலைவிலுணர்தல் போன்ற சொற்கள், அயல்மொழிக் கருத்தை அயற்சொல் இன்றியே தமிழில் கூற இயலும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

தனித்தமிழும் ஆங்கிலமும்

1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்டார். இவ்வியக்கத்தின் முதன்மையான நோக்கம் தமிழில் கலந்திருந்த வடசொற்களை நீக்குவது. ஆங்கிலச் சொற்களையும் இவர் தம் தமிழ் நடையில் தவிர்த்தார். ஒரு மொழியைக் கற்பதும், அதன் சொற்களைத் தாய்மொழியில் கலப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதே இவர் நடைமுறையிலிருந்து பெறப்படுவது. வடமொழியையும் நன்கு கற்று, காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் இவர் என்பதும் இதனோடு பொருந்துகிறது.

சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்படவிருந்த 1937ஆம் ஆண்டில் 'இந்தி பொது மொழியா?' என்னும் நூலை எழுதினார். இந்தியாவின் பொதுமொழியாக விளங்க இந்தியைவிட ஆங்கிலமே ஏற்றது என்பது இவரது நிலைப்பாடு. ஆங்கிலத்தின் பயனைத் தம் வாழ்விலேயே கண்டவர் என்ற வகையில் இந்நிலைப்பாடு கருதத்தக்கது.

மொழி கற்றல் நோக்கில்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்போர்க்குச் சில இடர்கள் பொதுவானவை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கிய இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அப்பொருளைத் தரும் சொற்கள் பெயருக்கு முன் தனித்து நிற்கும். தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளுக்கும் அவற்றின் அதிர்வொலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் பலுக்கலும் பலவிடங்களில் வேறுபடுவதால், நூல் வழி மட்டுமே கற்போர்க்குப் படிப்பிலும் எழுத்திலும் வரும் தேர்ச்சி பேச்சில் எளிதில் வருவதில்லை.

துணையின்றி ஓர் ஆங்கில நூலைப் படித்து அறியச் சுமார் 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என மொழியியலாளர் பால் நேசன் 2006ஆம் ஆண்டில் கணித்தார். இத்தனை சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது கடினம். மிகுதியாகப் படிக்கும்போது அவை திரும்பத் திரும்ப வந்து பதிகின்றன. விடாத வாசிப்பு, நாள்தோறும் எழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகிய மூன்றும் மறைமலை அடிகளின் வாழ்வில் இருந்தன. இவற்றுள் நாள்தோறும் எழுதுதல் செலவில்லாதது. ஆசிரியர் இன்றியும் செய்யக்கூடியது.

ஒப்பிடத்தக்கோர்

- தி. முத்துசாமி ஐயர் (1832-1895): வறுமையால் சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் ஊர்க் கணக்கருக்கு உதவியாளராக இருந்தார். பின்னர்ப் பள்ளியில் சேர வாய்ப்புப் பெற்று ஆங்கிலம் கற்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி இவரே.
- காமராசர் (1903-1975): இளமையிலேயே பள்ளியை விட்டவர். விடுதலைப் போராட்டத்தில் சிறையில் இருந்த காலங்களில் படித்து ஆங்கில அறிவை வளர்த்துக்கொண்டார்.

நூலகமும் நினைவும்

தம் வருவாயில் பெரும்பகுதியை நூல்களுக்கே செலவிட்ட மறைமலை அடிகள், ஏறத்தாழ 4,000 நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஆங்கில நூல்களும் அவற்றுள் அடங்கும். அத்தொகுப்பைக் கொண்டு 1958ஆம் ஆண்டில் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகம் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முயற்சியால் திறக்கப்பட்டது. பின்னர் அது கன்னிமாரா பொது நூலக வளாகத்துக்கு மாற்றப்பட்டது.

இவர் வாழ்ந்த பல்லாவரம், 2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சரப்பாக்கம் வழியாகத் தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், செங்கல்பட்டுக்கு முன்பாக அமைந்துள்ள மறைமலைநகர் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.