சுண்ணாம்பும் தோலும்: ஒரு சிறு வரலாறு

என்னிடம் அறிவியல் பட்டம் எதுவும் இல்லை. படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். பிழைப்பு சுண்ணாம்பு, வெள்ளையடிக்கும் பொருள்கள், வண்ணப்பூச்சு வியாபாரம். வந்தவாசிப் பக்கம் பிறந்து, இந்த அகமதாபாத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடை மூடிய பிறகு படிப்பது என் பழக்கம். தோலைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் கடையில் வேலை பார்த்த ஒருவரின் கை.

அவரும் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். சுட்ட சுண்ணாம்பை நீற்றுவது, சலிப்பது, மூட்டை கட்டுவது அவர் வேலை. ஒரு கோடையில் இரண்டு உள்ளங்கையும் வெடித்து, விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. "கை எரியுதுங்கய்யா" என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது: "சுண்ணாம்புச் சத்துதானப்பா, உடம்புக்கு நல்லதுதான். தேங்காயெண்ணெய் தடவிக்கோ, சரியாயிடும்." சரியாகவில்லை. புண் முற்றிய பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எலும்புக்கு உரம் தரும் அதே சுண்ணாம்பு கையை ஏன் அரித்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

லண்டன் குழாய்த் தண்ணீர்

சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தை 1808-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்தே இந்தப் பெயரை வைத்தார். நம் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்குக்கு என்ன வேலை என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது.

அதற்கு வழி காட்டியவர் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. பிறகுதான், அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த தூய நீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் தயாரானது என்று தெரிந்தது. தூய நீரில் கலந்து பார்த்தால் துடிப்பு அடங்கிவிட்டது! குழாய் நீரில் இருந்த கால்சியமே காரணம் என்று 1883-ல் எழுதினார். தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிப்பது எங்கள் சமண வீடுகளில் வழக்கம். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புதான். இதைப் படித்த அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்தைத் தேய்க்கும்போதெல்லாம் ரிங்கர் நினைவுக்கு வருகிறார்.

அடுத்து ஜெர்மானியர் குர்ட் ஹெர்ப்ஸ்ட். கால்சியம் இல்லாத கடல் நீரில் கடல் முள்ளெலியின் கருவை இட்டால் அதன் செல்கள் தனித்தனியே பிரிந்துவிடும் என்று 1900-ல் காட்டினார். செல்லோடு செல் ஒட்டி நிற்கக் கால்சியம் தேவை என்பது இப்படித் தெரிய வந்தது. அப்படி ஒட்ட வைக்கும் புரதங்களை ஜப்பானின் கியோட்டோவில் மசதோஷி டகெய்ச்சி கண்டறிந்து, 1980-களில் 'கேட்ஹெரின்' என்று பெயரிட்டார். கால்சியம், ஒட்டுதல் இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர் அது.

அளவு கூடினால் வேலை மாறும்

இனி தோலுக்கு வருவோம். மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் பிறக்கின்றன. மெல்ல மேலே ஏறுகின்றன. உச்சிக்கு வரும்போது செத்து, தட்டையாகி, ஓடு வேய்ந்தது போல் அடுக்காகின்றன. ஓடுகளின் இடைவெளியைக் கொழுப்பு அடைக்கிறது. உடம்பின் நீர் வெளியே போகாமலும், வெளி நஞ்சு உள்ளே வராமலும் காக்கும் மதில் இதுதான். சரி, ஏறிவரும் செல்லுக்கு "பெருகியது போதும், இனி மதிலாக மாறு" என்று யார் சொல்கிறார்கள்?

1980-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி ஹென்னிங்ஸ், ஸ்டூவர்ட் யுஸ்பா குழுவினர் இதற்கு விடை கண்டார்கள். எலியின் தோல் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். நீர்மத்தில் கால்சியம் 0.1 மில்லிமோலுக்கு மேல் போகாதவரை செல்கள் பெருகிக்கொண்டே ஒற்றை வரிசையாகக் கிடந்தன. 1.2 மில்லிமோலாக உயர்த்தியதும் ஒன்றோடொன்று பிணைந்தன, அடுக்கின, கடினமாயின. செல்லுக்குக் கட்டளையிடுவது கால்சியத்தின் அளவு என்று இதிலிருந்து தெரிந்தது.

தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்கிறதா? 1985-ல் கோபிநாதன் மேனன், பீட்டர் எலியாஸ் முதலானோர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள்: மேல்தோலின் அடியில் கால்சியம் குறைவு. மேலே போகப் போகக் கூடி, உயிருள்ள செல்களின் கடைசி அடுக்கில் உச்சத்தைத் தொடுகிறது. எலி இனத்தின் கருவிலும், தோல் மதில் உருவாகும் கட்டத்தில்தான் இந்த ஏறுவரிசை அமைகிறது என்று 1990-களில் தெரிந்தது.

குறைவதே செய்தி

என்னை அசர வைத்தது 1992-ல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வு. எலியின் தோல் மதிலைச் சற்றுக் கெடுத்தார்கள். உடனே மேலடுக்கின் கால்சியம் வடிந்து குறைந்தது. குறைந்ததுமே செல்கள் சேமித்து வைத்திருந்த கொழுப்பை வெளியே தள்ளி ஓட்டையை அடைக்கத் தொடங்கின. சரி, கால்சியம் நிறைந்த நீர்மத்தில் அந்தத் தோலை ஊற வைத்தால்? பழுது பார்க்கும் வேலை தாமதப்பட்டது! பொட்டாசியமும் சேர்ந்தபோது தடை இன்னும் கூடியது. அதாவது, கால்சியம் குறைவதுதான் செல்லுக்குப் போகும் அபாய மணி. வெளியிலிருந்து கொட்டி நிரப்பினால் மணி அடிக்காது.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பரம்பரை நோய்கள் சாட்சி. 1889-ல் பாரிஸின் டாரியே விவரித்த நோய் ஒன்று. 1939-ல் அமெரிக்காவின் ஹெய்லி சகோதரர்கள் விவரித்தது மற்றொன்று. இரண்டிலும் தோல் செல்களின் பிணைப்பு விட்டுப்போகிறது. காரணம் 1999, 2000 ஆண்டுகளில்தான் தெரிந்தது: செல்லுக்குள் கால்சியத்தை இறைத்துச் சேமிக்கும் பம்புகளின் மரபணுவில் கோளாறு. நோயாளியின் உணவில் கால்சியம் குறைவில்லை. வைக்க வேண்டிய இடத்தில் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் வேலையாளின் கை. தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத் தன்மை உடையது, அளவுகோலில் ஏறத்தாழ 5. நீற்றிய சுண்ணாம்பு நீரோ 12-க்கு மேல், கடுங்காரம். அது மதிலின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கிறது, புரதத்தைச் சிதைக்கிறது. "சத்துதானே" என்று நான் சொன்னது, நெல் விளைய நீர் வேண்டும் என்பதற்காக வெள்ளத்தில் வயலை மூழ்கடிப்பது போன்ற பேச்சு. வியாபாரத்தில் எடைக்கு எடை கணக்குப் பார்த்த எனக்கு, ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த உருவில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

அவர் குணமாகி ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று. அதன் பிறகு என் கடையில் சுண்ணாம்பு தொடுகிறவர்களுக்கு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நம் சங்கத்துக் குடும்பங்களில் கட்டட வேலை, வெள்ளையடிப்பு வேலை செய்வோர் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புத் தூளோ சிமென்டுத் தூளோ தோலில் பட்டால், உலர்ந்த தூளை முதலில் தட்டிவிடுங்கள். பிறகு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். "சுண்ணாம்புதானே" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சொன்னவன் ஒருவன் இங்கே இருக்கிறேன், அது போதும்.