மோரான்: திட்டா மாறிய ஒரு மருத்துவச் சொல்

கோவம் வந்தா கமெண்ட்ல "மோரான்"னு சட்டுனு டைப் பண்றோம்ல? அது தெருவுல பிறந்த வார்த்தை இல்லைங்க. கேஸ் ஷீட்ல எழுதுறதுக்காகவே உருவாக்கினது. ஒரு குட்டி வரலாற்று த்ரெட் 👇

1/ 1905, பாரிஸ். ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ரெண்டு பேரும் ஒரு அறிவுத்திறன் தேர்வை உருவாக்கினாங்க. பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிச்சு உதவணும், அதான் நோக்கம்.

2/ அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் உளவியலாளர் ஹென்றி கோடார்ட். மனவயது 2 வரை 'இடியட்', 3 முதல் 7 வரை 'இம்பெசில்'. ஆமாங்க, ரெண்டுமே அப்போ டயக்னோசிஸ்! 8 முதல் 12 வரைக்குப் பேர் இல்லை. 1910ல் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து 'மோரான்' என்று வைத்தார்.

3/ சிக்கல் இங்கேதான். "பார்க்க நம்மள மாதிரியே இருப்பாங்க, கல்யாணம் பண்ணிப்பாங்க, குறை பரம்பரையா பரவும்" என்ற பயத்தைக் கிளப்பினாங்க. பல மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் இருந்தன.

4/ வர்ஜீனியாவின் கேரி பக். வளர்ப்புப் பெற்றோரின் உறவுக்காரன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானவர். அவருக்கே 'புத்தி குறைவு' முத்திரை குத்தி காப்பகத்தில் அடைச்சாங்க. 1927ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது. ஆபரேஷன் நடந்தது.

5/ கைக்குழந்தையிலேயே 'இயல்பா இல்லை'ன்னு சொல்லப்பட்ட அவர் மகள் விவியன், பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடிச்சா. 8 வயசுல நோயில் இறந்துட்டா.

6/ 1928ல் கோடார்டே தன் கருத்தைப் பெருமளவு மாத்திக்கிட்டார். கேரிக்கு அது பயன்படலை. அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000க்கும் மேல்.

7/ 'மோரான்' திட்டா மாறினதும் மருத்துவம் 'மென்டல் ரிடார்டேஷன்'க்கு மாறியது. அதுவும் 'ரிடார்ட்'னு திட்டாச்சு. 2010ல் அமெரிக்க மத்திய அரசு சட்டங்களில் இருந்து அதை எடுத்தாங்க. நம்ம 1995 சட்டத்திலும் அதே சொல்தான்; 2016 சட்டத்தில் 'அறிவுசார் குறைபாடு' ஆச்சு.

8/ பேரை மட்டும் மாத்தினா போதாது. நம்ம இளக்காரம் புதுப் பேரையும் பிடிச்சுக்கும். ஓபியில் "எம்புள்ள மென்டலா டாக்டர்?"னு அம்மாக்கள் குரல் தாழ்த்திக் கேப்பாங்க. அந்த வார்த்தையை அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நாமதான்.

"இல்லம்மா, கத்துக்குவான். கொஞ்சம் நேரம் எடுக்கும்." நான் சொல்றது இதான். நீங்களும் இப்படியே சொல்லலாம் 🙏