வீட்டில் மின்சாரக் கோளாறா? நாமே செய்யக்கூடியதும் வயர்மேனிடம் விடவேண்டியதும்

சிரம்பான் - ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில், ஐஸ்பெட்டியின் முன்னால் எப்போதும் நான்காக மடித்த கோணிச்சாக்கு ஒன்று கிடக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று கதவைத் தொட்டால் 'சுள்'ளென்று இழுக்கும். சாக்கின் மேல் நின்று தொட்டால் ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் அந்த வீட்டின் மின்சாரப் பாதுகாப்பு அந்தச் சாக்குதான்.

மழை ஒழுகிச் சாக்கு நனைந்திருந்த ஒரு நாள், பள்ளிவிட்டு வந்த பேத்தி கதவைத் திறக்கப்போய்த் தூக்கியெறியப்பட்டாள். நல்ல வேளையாக உயிர் தப்பினாள். அதன் பிறகு அழைக்கப்பட்ட வயர்மேன் இரண்டு குறைகளைக் காட்டினார். வீட்டின் பின்புறம் கால்வாய் ஓரத்தில் இருந்த எர்த் கம்பியிலிருந்து வயர் கழன்று கிடந்தது. உள்ளே மெயின் பெட்டியில், "அடிக்கடி விழுகிறது" என்று யாரோ ஒருவர் இ.எல்.சி.பி.யைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்திருந்தார். சின்ன தொகைக்கு வேலையை முடித்துத் தந்த தெரிந்த ஆள் அவர். கரண்ட் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. போனது பாதுகாப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்திலும் தாமானிலும் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் உண்டு. கோளாறு வந்தால் யாரை அழைப்பது, எதுவரை நாமே பார்க்கலாம், வருபவரிடம் என்ன கேட்பது என்பதை வாசகர்களுக்காக இங்கே தொகுத்திருக்கிறோம்.

மீட்டர்தான் எல்லை

பெரியவர்கள் பலர் இன்னும் 'எல்.எல்.என். பில்' என்றே சொல்வார்கள். அந்த வாரியம் 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆனது. பெயர் மாறினாலும் விதி ஒன்றுதான். கம்பத்திலிருந்து மீட்டர் வரை தெனாகாவின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் வயர், சுவிட்ச், பிளக் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு.

எனவே, கரண்ட் நின்றதும் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கேயும் இருட்டு என்றால் அது தெனாகாவின் வேலை. 15454 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம். மீட்டர் எண் பில்லிலும் மீட்டரிலும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் நேரம் மிச்சம். உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் மெயின் பெட்டியிலோ அதற்கு உள்ளேயோ இருக்கும்.

தோட்டத்து லயத்து வீடு என்றால் இன்னொரு கேள்வி உண்டு: வீடு யாருடையது? நிர்வாகம் கொடுத்த வீட்டில் வேலை செய்துகொண்டு குடியிருப்பவர், பழைய வயரை மாற்றச் சொந்தக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், போதிய மின்சார வசதி தருவதும் கட்டடத்தை நல்ல நிலையில் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. கிராணியிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிடாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில், அதாவது ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவில், புகார் செய்யலாம். சங்க உறுப்பினராக இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமும் கொண்டுபோகலாம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. அனுமதியில்லாமல் வீட்டை நீட்டிக் கட்டுவதை அதே சட்டம் ஏற்பதில்லை. பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய அடுப்படிக்கு, முன்னறை பிளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொண்டு போவதுதான் பல லயங்களில் கோளாறின் தொடக்கம்.

இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால்

மெயின் பெட்டியில் 'டெஸ்ட்' என்ற சிறு பொத்தானோடு இருப்பதுதான் இ.எல்.சி.பி. போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வராமல் எங்காவது கசிந்தால் அதைக் கண்டறிந்து அது விழுகிறது. கசியும் வழி ஈரச் சுவராகவும் இருக்கலாம், ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். விழுவது அதன் குறையன்று, அதன் வேலை.

கோளாறு எங்கே என்பதை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். பெட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ தொடவே கூடாது.

1. பெட்டியில் உள்ள சிறு சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே தள்ளுங்கள்.
2. இ.எல்.சி.பி.யை முழுதாகக் கீழே அழுத்திவிட்டு மேலே தூக்குங்கள். சிறு சுவிட்சுகள் எல்லாம் கீழே இருக்கும்போதே அது நிற்கவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொண்டு வயர்மேனை அழையுங்கள்.
3. நின்றால், சிறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது இ.எல்.சி.பி. விழுகிறதோ, அந்த வரிசையில்தான் கோளாறு.
4. அந்த வரிசையில் செருகியிருக்கும் சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி தூக்குங்கள். இப்போது நின்றால் ஏதோ ஒரு சாமானில் கோளாறு. ஒவ்வொன்றாகச் செருகினால் எது என்று தெரிந்துவிடும். கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரில் இருக்கிறது. அது வயர்மேனின் வேலை.

மழை பெய்யும்போது மட்டும் விழுகிறது என்றால் வாசல் விளக்கையும் ஒழுகும் கூரைக்குக் கீழே ஓடும் வயரையும் சந்தேகப்படுங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலை நேர இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

மாதம் ஒருமுறை அந்த 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் கருவி வேலை செய்கிறது. விழவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம். பெரியம்மா வீட்டில் இதை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும்.

சூடாகும் பிளக்

நம் வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று கால் பிளக் ஒன்று தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் கேத்தல், 700 வாட் ரைஸ் குக்கர், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 3,700 வாட். காலை ஐந்து மணிக்குப் பல வீடுகளில் நடப்பது இதுதான். சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்களைக் கூட்டிப் பாருங்கள். பிளக் பழுப்பேறியிருந்தாலும், தொட்டால் சுட்டாலும், 'சர்சர்' என்று ஒலித்தாலும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் பியூஸ் இருக்கிறது. அது அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அப்புறம் பியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் வயர் எரியும்.

சிரிம் முத்திரை இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷனையும் பிளக்கையும் பாசார் மாலாமில் வாங்காதீர்கள்.

வாட்டர் ஹீட்டர்

குளியலறையில் பொருத்தும் ஹீட்டர் ஒன்று 3,600 வாட் இழுத்தால் அது 15 ஆம்பியருக்கும் மேல். சாதாரண பிளக்கில் அதைச் செருகவே கூடாது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனி வயர், தனி சுவிட்ச், நல்ல எர்த் மூன்றும் வேண்டும். ஈரம் படும் அந்த இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் கருவி தேவை. பழைய வீடுகளில் பொதுவாக இருக்கும் 100 மில்லி ஆம்பியர் கருவி அங்கே போதாது. ஹீட்டர் விற்ற கடைக்காரர் இலவசமாக மாட்டித் தருவதாகச் சொன்னாலும் இதைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

குழாயைத் தொட்டால் லேசாக இழுக்கிறது என்றால் அன்றே ஹீட்டரை நிறுத்துங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிப்பது தீர்வாகாது.

வயர்மேனைத் தேடும்போது

வீட்டு வயரிங் செய்ய எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா வழங்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மலாயில் இவர் 'பெண்டாவாய்'. தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் இது கிடைக்கும். ஒற்றைக் கட்டத்துக்கு ஒரு சான்று, மும்முனை மின்சாரத்துக்கு ஒரு சான்று என்று வகைகள் உண்டு. தோட்டத்து மில்லில் இருக்கும் சார்ஜ்மேன் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவருடைய சான்று வேறு, வயர்மேனின் சான்று வேறு.

பகாவ், தம்பின், போர்ட்டிக்சன், நீலாய் என்று எந்த ஊராக இருந்தாலும், மின்சாரச் சாமான் கடையில் விசாரித்தால் இரண்டு மூன்று பேரைச் சொல்வார்கள். கோவில் திருவிழாவுக்கு முறையாக மின்சாரம் எடுத்துத் தந்தவர் யார் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்பதும் நல்ல வழி. ஆள் கிடைத்ததும் கேட்க வேண்டியவை இவை:

• தகுதிச் சான்றிதழைக் காட்ட முடியுமா? பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா? தம் பெயரிலேயே வேலை எடுத்துச் செய்பவர் என்றால் குத்தகையாளர் பதிவும் இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம்.

• சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? வாட்சப்பில் எழுதி அனுப்பச் சொன்னாலே போதும்.

• முடித்த பிறகு சோதித்துக் காட்டுவாரா? புதிய வயரிங் என்றால் வேலையை முடித்ததற்கான ஜி பாரமும் சோதனைக்கான எச் பாரமும் அவர் கையெழுத்தோடு வேண்டும்.

"இ.எல்.சி.பி.யை எடுத்துவிட்டால் தொல்லை இருக்காது" என்று சொல்பவரையும், "எர்த் எல்லாம் தேவையில்லை" என்பவரையும் அந்த இடத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மீட்டரில் கைவைத்துப் பில்லைக் குறைத்துத் தருவதாகச் சொல்பவரும் அப்படித்தான். அது குற்றம், அதற்கான சுமை மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும்.

முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள். காசை வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டுப்போனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். வக்கீல் தேவையில்லை. ரசீதும் வாட்சப் செய்தியும் அங்கே சாட்சி.

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள்

பாசத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, இழுத்தவரும் மாட்டிக்கொள்வதுண்டு. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். 999க்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். எழுந்து நடந்தாலும் ஒருமுறை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெளியே அறுந்து விழுந்த தெனாகா கம்பிக்கு இந்தப் பலகை முறை உதவாது. விலகி நின்று, மற்றவரையும் நெருங்கவிடாமல், 999க்கும் 15454க்கும் அழைப்பது ஒன்றுதான் வழி.

பெரியம்மா வீட்டு வேலை அரை நாளில் முடிந்தது. எர்த் வயரை இறுக்கி, புது இ.எல்.சி.பி. போட்டு, 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் வயர்மேன் பணம் வாங்கினார். சாக்கை அன்றே எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாக்கோ, 'இதைத் தொடும்போது மட்டும் பார்த்துத் தொடு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த சாமானோ இருந்தால், இந்த வாரமே ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.