கோவையும் வெள்ளித்திரையும் – 14: பட்சிராஜாவுக்கு முன்னால் பாலையா

சென்ற வாரம் ஸ்ரீராமுலு நாயுடுவைச் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். அவர் வெளியேறி 1945-ல் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கிய கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். அதற்குள் டி.எஸ்.பாலையா குறுக்கே வந்துவிட்டார். அவர் வந்தால் வழிவிடத்தானே வேண்டும்!

பாலையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆனால் அவரைத் திரையில் ஏற்றிவிட்டது நம் கோவை மருதாசலம் செட்டியார் தயாரித்த 'சதி லீலாவதி' (1936). எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். பாலையாவுக்கு வில்லன் வேடம். தமிழ் சினிமா அப்புறம் வருடக்கணக்கில் அவரைக் குடி கெடுக்கவே வைத்திருந்தது. மகா பாவம்!

28 வருடம் கழித்து அதே மனிதர் நம் பொள்ளாச்சிச் சீமைக்கே எஸ்டேட் முதலாளியாக வந்தார். படம், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. வெளிப்புறக் காட்சிகளுக்கு ஆழியாறு. அணை கட்டி முடித்த புதிது; பின்னால் ஆனைமலை. ஈஸ்ட்மென் கலரில் வின்சென்ட்டின் கேமரா அத்தனையையும் அள்ளிக்கொண்டது. கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

நான் நிற்க விரும்புவது ஒரே காட்சியில். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' முதலாளியான மகன் நாகேஷ், படமெடுக்கப் பணம் கேட்டு அப்பாவிடம் பேய்க்கதை சொல்கிறார். கதை என்று அதில் ஒன்றுமே கிடையாது. வாயாலேயே சத்தம், விரல்களாலேயே பேய். நாம் எல்லோரும் நாகேஷைக் கொண்டாடுகிறோம். என் ஓட்டு பாலையாவுக்கு. முதலில் அப்பன் என்ற மிதப்பில் உட்கார்ந்து கேட்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிகிறது, வாய் கோணுகிறது, உடம்பு ஒடுங்குகிறது. வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியவில்லை, அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டும். அந்த முகம் இல்லையென்றால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரி.

1966-ல் ஸ்ரீதரே இதை இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார். மகன் மெஹ்மூத், அப்பா ஓம் பிரகாஷ். ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்கு. பயமுறுத்தியவருக்கு விருது, பயந்தவருக்கு ஒன்றுமில்லை. வடக்கிலும் அதே அநியாயம்!

அந்தக் காலத்து நகைச்சுவையில் பாதி, அந்தக் காலத்து அரிசி விலையும் அரசியலும் தெரிந்தால்தான் விளங்கும். இங்கே அது தேவையில்லை. பிள்ளை பணம் கேட்டால் அப்பனுக்கு வரும் எரிச்சல், பணக்காரச் சம்பந்தி என்று தெரிந்ததும் வரும் பவ்யம், இரண்டும் மாறவில்லையே. தான் வேலையை விட்டு விரட்டிய, மகளின் காதலரான ரவிச்சந்திரன் கோடீஸ்வரர் மகன் என்று நம்பியதும், பாலையா 'மகன்' என்ற சொல்லையே 'மகர்' ஆக்கிவிடுவார். அந்தக் குழைவை எந்த வசனகர்த்தாவும் எழுதித் தர முடியாது. கணபதியில் சத்தி ரோட்டு லேத்துப் பட்டறைகளில் இன்றைக்கும் ஒருவன் அட்வான்ஸ் கேட்டு நீட்டி முழக்கினால், "ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும்.

இடம் தீர்ந்துவிட்டது. நாயுடு அடுத்த வாரம் நிச்சயம் பட்சிராஜா இருந்த புலியகுளம் போய்ச் சேருவார். அதுவரை அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள்.