சேகாவின் மூன்று விலைக் குறைப்புகள்

விலைக் குறைப்பை வணிகத்தின் மிக எளிய ஆயுதமாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். குறைத்தால் கூட்டம் வரும், அவ்வளவுதான் என்று. வீடியோ கேம் கன்சோல்களின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைப்பதில்லை. ஜப்பானின் சேகா நிறுவனம் 1991க்கும் 2001க்கும் இடையே அமெரிக்கச் சந்தையில் மூன்று போர்களில் இந்த ஆயுதத்தை எடுத்தது. முதல் போரில், அசைக்க முடியாதது எனக் கருதப்பட்ட நிண்டெண்டோவை அது அசைத்தது. மற்ற இரண்டிலும் எடுத்தவரின் கையையே அறுத்தது. இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மைக் கடைக் கணக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் தன் கையாலேயே தன்னைக் கரைத்துக்கொண்ட கதை இது.

முதலில் இந்த வணிகத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். கன்சோலை அடக்க விலைக்கோ அதற்கும் கீழாகவோ விற்று, அதில் ஓடும் விளையாட்டுகளில் லாபம் பார்ப்பதே இத்துறையின் பொது வழக்கம். ஒவ்வொரு விளையாட்டு விற்கும்போதும் அதை உருவாக்கிய நிறுவனம் கன்சோல்காரருக்கு உரிமத்தொகை செலுத்துகிறது. எனவே கருவியின் விலையைக் குறைப்பதென்பது நாளைய உரிமத்தொகையை நம்பி இன்று கையிலிருக்கும் பணத்தை இறைப்பதாகும். இறைப்பதற்குப் பணம் வேண்டும். காலம் செல்லச் செல்லக் கருவியின் உற்பத்திச் செலவும் இறங்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர் விலையைக் குறைத்தால், விற்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடன் சீட்டாகிறது.

1989 ஆகஸ்டில் சேகா தன் 16-பிட் கருவியான ஜெனிசிஸை அமெரிக்காவில் 189 டாலருக்கு வெளியிட்டது. அப்போது அந்நாட்டில் வீட்டு வீடியோ கேம் என்றாலே நிண்டெண்டோதான். மேட்டல் பொம்மை நிறுவனத்தில் பார்பியை மீட்டெடுத்ததற்காகப் பெயர்பெற்ற டாம் கலின்ஸ்கே 1990இல் சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்றார். விலையைக் குறைப்போம், கருவியோடு தரும் 'ஆல்டர்ட் பீஸ்ட்' விளையாட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வரவிருக்கும் 'சோனிக்'கை இலவசமாகத் தருவோம், நிண்டெண்டோவை விளம்பரங்களில் பெயர் சொல்லியே சீண்டுவோம் என்பது அவர் முன்வைத்த திட்டம். டோக்கியோவில் இருந்த நிர்வாகிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தங்கள் மிகச் சிறந்த விளையாட்டை யாராவது சும்மா கொடுப்பார்களா? ஆயினும் தலைவர் ஹயாவோ நகயாமா, அமெரிக்காவுக்கான முடிவை எடுக்கும் உரிமையை உமக்கே தருவதாகச் சொல்லித்தானே அழைத்தேன் என்று ஒப்புதல் அளித்ததாகக் கலின்ஸ்கே பின்னாளில் பேட்டிகளில் விவரித்திருக்கிறார்.

1991இல் சோனிக்குடன் சேர்ந்து ஜெனிசிஸின் விலை 149 டாலர் ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோவின் சூப்பர் என்.இ.எஸ். 199 டாலர் விலையில் வந்தபோது, அது ஐம்பது டாலர் அதிக விலையுள்ள பொருளாக, கையில் விளையாட்டுகளின் பட்டியலும் குறைந்ததாகக் கடையில் நின்றது. அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்க 16-பிட் சந்தையில் சேகா நிண்டெண்டோவுக்கு இணையாகவும், சில பருவங்களில் அதற்கு முன்னாலும் ஓடியது.

இந்த வெற்றியின் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். ஜெனிசிஸ் ஜப்பானில் 1988இலேயே வந்துவிட்ட கருவி. அதன் மையச் சில்லான மோட்டோரோலா 68000 எழுபதுகளின் இறுதியைச் சேர்ந்தது. உற்பத்திச் செலவு இறங்கிவிட்டிருந்தது. எதிரி களத்தில் கால் வைப்பதற்கு முன்பே, தானாக விரும்பி, தான் குறித்த நாளில் சேகா விலையைக் குறைத்தது. அதோடு ஊரே பேசிய ஒரு விளையாட்டும் சேர்ந்துகொண்டது. இவற்றில் எதுவுமே அடுத்த முறை இருக்கவில்லை.

அடுத்த போரின் எதிரியை உருவாக்கியதில் நிண்டெண்டோவுக்குப் பெரும் பங்குண்டு. குறுந்தகட்டில் இயங்கும் கருவி ஒன்றுக்காகச் சோனியுடன் கைகோத்திருந்த நிண்டெண்டோ, 1991 ஜூனில் பலரறியச் சோனியைக் கைவிட்டு பிலிப்ஸ் பக்கம் சாய்ந்தது. அவமதிக்கப்பட்ட சோனியில் கென் குதராகி என்ற பொறியாளர் தனிக் கருவியே செய்துவிடுவோம் என்று பிடிவாதமாக நின்றார். பிளேஸ்டேஷன் பிறந்தது. இடையே சோனியும் சேகாவும் சேர்ந்து ஒரே கருவியைச் செய்யும் யோசனை எழுந்ததாகவும், சேகாவின் ஜப்பானியத் தலைமை அதை மறுத்துவிட்டதாகவும் கலின்ஸ்கே சொல்கிறார். சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் சில்லையும் அவர்கள் வேண்டாம் என்றார்களாம். அந்நிறுவனம் போய்ச் சேர்ந்த இடம் நிண்டெண்டோ 64.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலிஸில் முதலாவது இ3 கண்காட்சி. செப்டம்பரில் வருவதாக இருந்த சாட்டர்ன் கருவி இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று கலின்ஸ்கே அறிவித்தார். தலைமையகத்தின் வற்புறுத்தலால் எடுக்கப்பட்ட முடிவு அது. சரக்கு போதாமையால் நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டுமே பெட்டிகள் போயின. விடுபட்டவர்கள் கொதித்தார்கள். அவர்களில் கே.பி. டாய்ஸ் சேகாவின் பொருள்களை விற்பதையே நிறுத்திக்கொண்டது. அன்று சிறிது நேரத்தில் சோனியின் மேடையில் ஸ்டீவ் ரேஸ் ஏறினார். 'டூ நைண்டி நைன்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் அதிர்ந்தது. கன்சோல் வரலாற்றின் மிகச் சிறிய சொற்பொழிவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்! இன்னும் விற்பனைக்கே வராத ஒரு பொருள், விற்பனைக்கு வந்துவிட்ட பொருளை அங்கேயே வீழ்த்திற்று.

அக்டோபரில் சாட்டர்னும் 299க்கு இறங்கியது. 1996 மே மாதக் கண்காட்சியில் சோனி 199 என்றது. மறுநாள் சேகாவும் 199 என்றது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரு கடைகளிலும் ஒரே விலைப் பலகை. உள்ளே நிலைமை வேறு. சாட்டர்னில் இரண்டு ஹிட்டாச்சி மையச் சில்லுகள், இரண்டு காட்சிச் சில்லுகள், ஒலிக்குத் தனியாக வேறு. சில்லுகளைப் பிறரிடம் வாங்கிக் கோத்த அந்தப் பலகையைச் சுருக்குவது எளிதாக இல்லை. பிளேஸ்டேஷனோ தொடக்கத்திலேயே சில சில்லுகளுக்குள் வேலைகளை ஒடுக்கி வடிவமைக்கப்பட்டது. குறுந்தகடு சோனியின் சொந்தத் துறை. ஒவ்வொரு மறுபதிப்பிலும் உள்ளிருந்த பாகங்கள் குறைந்தன. சோனிக்கு விலைக் குறைப்பு பெரும்பாலும் இறங்கிய செலவின் பிரதிபலிப்பு. சேகா அதே தொகையைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. 1996 விழாக்காலத்தில் சாட்டர்னுடன் மூன்று விளையாட்டுகளை இலவசமாக வழங்கியதும் வேறு பெயரில் இன்னொரு விலைக் குறைப்பே. 1997 மார்ச்சில் சோனியும் நிண்டெண்டோவும் 149க்குப் போயின. சாட்டர்ன் உலகெங்கும் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. பிளேஸ்டேஷன் தன் ஆயுள் முடிவில் பத்துக் கோடியைத் தாண்டியது. 1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சேகா குழுமத்தின் நிகர நட்டம் 3,560 கோடி யென்.

எதிரியின் விலைக்குப் பின்னால் ஓடும் விலைக் குறைப்பு வாங்குவோருக்கு ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு மாதத்தில் பாதி விலைக்கு வந்த பொருள் நாளை இருக்குமா என்ற ஐயம் அது. தாய்தந்தையருக்கு அந்த ஐயம் வருவதற்கு முன்பே விளையாட்டு உருவாக்கும் நிறுவனங்களுக்கு வந்துவிடுகிறது. அவர்கள் விலகினால் அப்புறம் எந்த விலையும் உதவாது.

டிரீம்காஸ்ட் நல்ல கருவி. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு வெளிவந்து, முதல் 24 மணி நேரத்தில் 2,25,132 பெட்டிகள் விற்றது. சாட்டர்னின் பாடத்தைப் படித்துத்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். ஆனால் ஜப்பானில் 1999 ஜூனிலேயே 19,900 யென்னுக்கு இறக்கி, பெட்டிக்குப் பெட்டி நட்டத்தில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவுக்கு 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வரவிருந்தது. டிவிடி படங்களும் அதில் ஓடும், பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளும் ஓடும். சேகா ஆகஸ்ட் இறுதியில் 149 ஆக்கியது. தன் இணையச் சேவையான சேகாநெட்டில் 18 மாதச் சந்தா கட்டுவோருக்குக் கருவியின் விலை முழுவதையும் திருப்பித் தருவதாகவும் சொன்னது. அதாவது கருவி இலவசம். சோனியோ பாகங்கள் போதாமல் வெளியீட்டு நாளில் திட்டமிட்டதில் பாதியை, ஐந்து லட்சம் பெட்டிகளை மட்டுமே அனுப்ப முடிந்தது. கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்படியும் அவர்களில் பலர் பக்கத்து அலமாரியில் பாதி விலைக்கு இருந்த டிரீம்காஸ்டை வாங்காமல் காத்திருந்தார்கள். விலைக் குறைப்பின் எல்லை எதுவென்று இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு நாம் அறிந்தவரை இத்துறையில் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் 50 லட்சம் என்பது சேகாவின் இலக்கு. விற்றது ஏறத்தாழ 30 லட்சம்.

இசாவோ ஒகாவா பற்றி ஒரு வார்த்தை. சேகாவின் தாய் நிறுவனமான சி.எஸ்.கே.யை நிறுவியவர். சேகா கருவிகள் செய்வதை விட்டுவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தவரும் அவரே. எனினும் 1999இல் தன் சொந்தப் பணத்திலிருந்து 50 கோடி டாலரைச் சேகாவுக்குக் கடனாகத் தந்தார். 2001 மார்ச்சில் அவர் காலமானார். சேகா தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்தும், 69.5 கோடி டாலர் மதிப்புள்ள சேகா, சி.எஸ்.கே. பங்குகளைத் திருப்பியளித்தும் போனார். வேண்டாம் என்று தான் சொன்ன ஒரு போருக்கான செலவை ஏற்றுக்கொண்ட அந்த முதியவரைப் பற்றித் தனி நூல் எழுதலாம்.

அவர் மறைவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், 2001 ஜனவரி 31 அன்று, டிரீம்காஸ்ட் உற்பத்தியை மார்ச்சுடன் நிறுத்துவதாகச் சேகா அறிவித்திருந்தது. விலை 99 டாலர் ஆனது. ஏப்ரலில் 9,30,000 பெட்டிகள் விற்காமல் தேங்கியிருந்தன. பிறகு 79 டாலர். கடைசிப் பெட்டிகள் கடைகளிலிருந்து 49.95 டாலருக்குப் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் சோனிக்கின் புதிய விளையாட்டுகள் வெளிவந்தன, நிண்டெண்டோவின் கருவிகளுக்கு.