நெட் ஸ்லோவா, பிங் எகிறுதா? கோளாறு வீட்டிலா, கம்பெனியிலா... கண்டுபிடிப்பது எப்படி?

100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியாச்சு. ஆனால் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்குது, கேம் நடுவில் உறைந்து நிற்குது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். புது ரூட்டருக்கோ பெரிய பிளானுக்கோ காசு போடும் முன், கோளாறு எங்கே என்று செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

வேகம் வேறு, பிங் வேறு

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்ற அளவு. பிங் என்பது ஒரு சிறு தகவல் சர்வரைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம். இதை மில்லி செகண்டில் சொல்வார்கள். ரோட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஊருக்கு உள்ள தூரம் குறையாது. அதனால்தான் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியும் சிலருக்கு பிங் அப்படியே இருக்கிறது.

சென்னையில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, சிங்கப்பூர் சர்வரில் விளையாடினால் போய்வரவே 29 மில்லி செகண்ட் ஆகும். இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. கேமில் பக்கத்து சர்வரைத் தேர்வு செய்வதுதான் வழி.

இன்னொரு குழப்பம்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி டவுன்லோட் ஆகாது. 8-ஆல் வகுக்க வேண்டும். 12.5 எம்பி வந்தால் முழு வேகம் வருகிறது என்று அர்த்தம்.

3 டெஸ்ட் போதும்

1. மற்ற எல்லா போன், டிவியையும் வைஃபையில் இருந்து துண்டியுங்கள். லேப்டாப்பை லான் கேபிளில் ரூட்டருடன் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். கேபிளில் சரி, வைஃபையில் மட்டும் குறைவு என்றால் கோளாறு வீட்டுக்குள்தான்.

2. கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ரூட்டர் முகவரிக்கு பிங் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். அடுத்து 8.8.8.8-க்குக் கொடுங்கள். கேபிளில் ரூட்டருக்கு 1 மில்லி செகண்ட், 8.8.8.8-க்கு மட்டும் தாறுமாறாக எகிறுகிறது என்றால் சிக்கல் வெளியில்.

3. காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். இரவில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால், கம்பெனி லைனில் நெரிசல் என்று சந்தேகிக்கலாம்.

வீட்டில் சரிசெய்ய வேண்டியவை

* ரூட்டர் அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால் இருக்கக் கூடாது. திறந்த இடத்தில், உயரமாக வையுங்கள்.
* பக்கத்து அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது. சுவர்கள் தாண்டி தூரத்தில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் எட்டும், ஆனால் வேகம் குறையும்.
* யாராவது போனில் போட்டோ பேக்கப் ஓடினாலே அப்லோட் நிரம்பி எல்லோருக்கும் பிங் ஏறும். அதை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.
* 200 எம்பிபிஎஸ் பிளானில் கேபிளிலும் 95-ஐத் தாண்டவில்லையா? ரூட்டர் போர்ட் அல்லது லான் கேபிள் 100-லேயே நிற்கிறது.
* மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ என்றால் டேட்டா லிமிட் முடிந்ததா என்று பாருங்கள்.
* ஃபைபர் வயரை மடக்கிக் கட்டாதீர்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன்மேன் வந்துதான் ஆக வேண்டும்.

கம்பெனி கேட்கலைன்னா?

கேபிளில் எடுத்த டெஸ்ட்டுகளை தேதி, நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "உங்க வைஃபை பிரச்சனை சார்" என்ற பதிலுக்கு அதுதான் மறுபதில். புகார் கொடுத்ததும் டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போதும் கையில் இருக்க வேண்டியது அந்த டாக்கெட் எண்தான்.